கீரை இணுக்கு ரயில் ஆகட்டும். படம் எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை விட்ட மறுநாளே மழலையர் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் வந்து விழுகிறது. திங்கட்கிழமை குழந்தை துணி மடிக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை பட்டாணி உரிக்க வேண்டும், புதன்கிழமை செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்யும்போது படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். முடித்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். வீட்டு வேலை குழந்தைக்குப் பழக வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலும் படமும் நட்சத்திரமும் சேர்ந்து, குழந்தை தானாகச் செய்யக்கூடிய ஒன்றை அதன் கையிலிருந்து பிடுங்கிவிடுகின்றன.

மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை குழந்தைக்கு வேலையை வேலையாகச் செய்ய வராது. அதை வேறொன்றாக ஆக்கிக்கொண்டுதான் செய்யும். கீரை ரயிலாகும், துவைத்த துணி தபாலாகும், ஊறிய மொச்சை ராக்கெட்டாகும். எது எதுவாக வேண்டும் என்பது குழந்தையின் பாடு. எவ்வளவு வேலை, எந்தக் கருவி, எங்கே முடிவு என்ற மூன்றும் பெரியவரின் பாடு. இந்தப் பங்கீடு தலைகீழானால் விளையாட்டும் கெடும், வேலையும் கெடும். எப்படி என்பதை ஒன்றிரண்டு வேலைகளை வைத்தே சொல்லிவிடுகிறோம்.

முருங்கைக்கீரை ஆய்வதை எடுத்துக்கொள்வோம். ஒரு முழுக் கட்டைக் கொண்டுவந்து குழந்தை முன்னால் போட்டால் பத்தாவது நிமிடம் அது எழுந்து ஓடிவிடும். கட்டைக் கண்டால் பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும் வேலை அது. முந்தின இரவே கீரையை ஒரு பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் பாதி இலை தானாக உதிர்ந்திருக்கும். மீதியிலிருந்து எட்டு அல்லது பத்து இணுக்கு மட்டும் எடுத்து ஒரு தட்டில் வையுங்கள். நான்கு வயதுக்கு அவ்வளவுதான் கணக்கு. பக்கத்தில் ஒரு அகன்ற கிண்ணம் இலைக்கு, ஒரு தாள் காம்புக்கு. இனி உருவும் முறை. அடிக்காம்பைப் பிடித்து நுனிப்பக்கமாக உருவினால் மெல்லிய நுனி முறிந்து இலையோடு சேர்ந்து வந்துவிடும்; பிறகு பொரியலில் நார் நாராகச் சிக்கும். நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகை விரல்களை அடியை நோக்கி இழுத்தால் இலை மட்டும் கழன்று விழும், காம்பு கையில் நிற்கும். இதை ஒரே ஒரு இணுக்கில், பேசாமல், மெதுவாகச் செய்து காட்டினால் போதும். பேசிக்கொண்டே காட்டினால் குழந்தை முகத்தைப் பார்க்கும், விரலைப் பார்க்காது.

அதற்குப் பிறகு நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். முதல் இரண்டு இணுக்கு வரை கீரை கீரையாகத்தான் இருக்கும். மூன்றாவதை எடுக்கும்போது குழந்தையின் உதடு அசையத் தொடங்கும். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிறு கிளைகள், அவற்றில் ஜோடி ஜோடியாக இலைகள். ரயில் பெட்டியும் சன்னலும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. "விழுப்புரம் வந்தாச்சு, எல்லாம் இறங்கு" என்று சொல்லி ஒரு கிளையை உருவும். இலைகள் கிண்ணத்தில் விழும். அடுத்த கிளை திருச்சி. நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசி இலை இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பயணி. அதைக் கிள்ளி எடுக்கக் குழந்தை எடுத்துக்கொள்ளும் பொறுமையை வேறெந்த வழியிலும் வரவழைக்க முடியாது. அந்தக் கடைசி இலையைக் கிள்ளும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அடுத்த வருடம் பென்சில் பிடிக்கப்போகின்றன.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் குறுக்கே போகிறார்கள். "ரயிலெல்லாம் அப்புறம், சீக்கிரம் ஆய்ந்து கொடு" என்பது ஒரு வகை. "அடடா, ரயிலா! எங்கே, இன்னொரு தடவை சொல்லு, அப்பா வீடியோ எடுக்கட்டும்" என்பது இன்னொரு வகை. முதல் வகை விளையாட்டை நிறுத்தும். இரண்டாவது வகை அதை நடிப்பாக்கும். கேமரா முன்னால் வந்த நொடியே குழந்தையின் கண் கீரையை விட்டு நம் பக்கம் திரும்பிவிடும். பிறகு அது சொல்லும் ரயில் நமக்காகச் சொல்லும் ரயில். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வோம். திட்டு வாங்கிய குழந்தை அடுத்த நிமிடமே ரயிலைத் தொடரும், படம் பிடிக்கப்பட்ட குழந்தை தொடராது.

மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. விளையாட்டு வழிக் கற்றல் என்று எங்கோ படித்துவிட்டுப் பெரியவரே கதையைத் தொடங்குவது. "வா, நாம ரயில் விளையாட்டு விளையாடலாம். இது இன்ஜின், இது பெட்டி." குழந்தை ஐந்து நிமிடம் கூட வரும். நாம் எழுந்து போனதும் அதுவும் எழுந்துவிடும். அது நம்முடைய ரயில், நாம் போனால் வண்டியும் போய்விடும். குழந்தையின் மனத்தில் அன்று கீரை ரயிலாக இல்லாமல் ஆடு மேயும் தோப்பாக இருந்திருக்கலாம்.

சரி, விளையாட்டு பெருத்து வேலை நின்றுபோனால்? கிண்ணம் காலியாக இருக்கிறது, இணுக்கு தரையில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து வயதுக்குள் இது அடிக்கடி நடக்கும். அப்போது வேலையை நினைவூட்டாதீர்கள். விளையாட்டுக்குள்ளிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்டக்டர், இன்னும் எத்தனை பேர் இறங்கணும்?" ஒரே கேள்விதான். கேட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குழந்தை இணுக்கைத் திருப்பிப் பார்த்து எண்ணத் தொடங்கும், எண்ணியபடியே உருவும். இரண்டாவது கேள்வி கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும். ஒரு கேள்வியிலும் திரும்பவில்லை என்றால் அன்றைய வேலை அவ்வளவுதான் என்று தட்டை எடுத்துவிடலாம். குற்றமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

தை மாதத்தில் இதைவிட நல்ல வேலை ஒன்று உண்டு. மொச்சை பிதுக்குவது. பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும் வீடுகளில் தெரியும். காய்ந்த மொச்சை 200 கிராமை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறப்போட வேண்டும். ஊறல் போதாவிட்டால் தோல் பருப்போடு ஒட்டிக்கொண்டு வராது, குழந்தை நகத்தால் கீறும், பருப்பு நொறுங்கும். தண்ணீர் மாற்றாமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் வழவழத்துப் புளித்த வாடை வரும். சரியாக ஊறிய மொச்சையின் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் எதிர்முனையில் தோல் கிழிந்து பருப்பு துள்ளிக் குதிக்கும். அந்தத் துள்ளல்தான் இந்த வேலையின் உயிர். பீரங்கி, ராக்கெட், தவளை, முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று தோன்றும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தவறு நடப்பது பாத்திரத்தில். தட்டையான தட்டு வைத்தால் பருப்பு வீடு முழுக்கப் பறக்கும், பெரியவருக்குக் கோபம் வரும், விளையாட்டு அழுகையில் முடியும். ஆழமான பாத்திரம், அரை வாளி அளவுக்கு இருந்தாலும் நல்லது, குழந்தையின் இரண்டு கால்களுக்கு நடுவில் வையுங்கள். கை பாத்திரத்துக்குள் இருக்கும்படி பிதுக்க வேண்டும் என்ற ஒரே விதி. "ராக்கெட் இந்த வானத்துக்குள்ளதான் பறக்கும்" என்று குழந்தையே அந்த விதியைத் தன் மொழியில் மாற்றிக்கொள்ளும். ஒரு குழந்தைக்கு ஒரு கைப்பிடி மொச்சை, அதற்கு மேல் வேண்டாம். பச்சை மொச்சை வாய்க்குள் போகக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அது வேகவைத்த பிறகே தின்னும் பொருள்.

விதி என்று சொன்னோம். கற்பனை விளையாட்டு என்றால் கட்டுப்பாடில்லாத ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-ல் ஆற்றிய உரையொன்றில் இதற்கு நேர்மாறானதைச் சொன்னார்: கற்பனையில் ஒரு வேடத்தை ஏற்றுக்கொண்ட குழந்தை அந்த வேடத்துக்குரிய விதிக்குத் தானாகவே கட்டுப்படும். வீட்டில் இதைத் தினமும் பார்க்கலாம். "ஒழுங்கா ஒவ்வொண்ணா எடு" என்று அம்மா பத்துத் தடவை சொல்லியும் கேட்காத குழந்தை, டாக்டர் ஆனதும் நோயாளிகளை ஒவ்வொருவராகத்தான் கூப்பிடும்.

2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. நான்கு வயதும் ஆறு வயதுமான 180 குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிடம் கொடுத்து, வேண்டும்போது எழுந்து போய் விளையாட ஒரு டேப்லெட்டையும் பக்கத்தில் வைத்தார்கள். தன்னைத் தானாகவே நினைத்துக்கொண்டு செய்த குழந்தைகளைவிட, பேட்மேனாகவோ தனக்குப் பிடித்த வேறொரு பாத்திரமாகவோ நினைத்துக்கொண்டு செய்த குழந்தைகள் கூடுதல் நேரம் வேலையில் நின்றார்கள். எந்தப் பாத்திரம் என்பதைக் கொடுத்தவற்றுள்ளிருந்து குழந்தையே தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டில் அது பேட்மேனாக இருக்க வேண்டியதில்லை. பஸ் கண்டக்டர், காய்கறிக்காரம்மா, தபால்காரர் போதும்.

தபால்காரர் என்றதும் துணி மடிப்பது நினைவுக்கு வருகிறது. துணி மடிப்பதில் குழந்தைக்குக் கடினம் மடிப்பு அல்ல, குவியல். கொடியிலிருந்து எடுத்த மொத்தத் துணியையும் கட்டிலில் கொட்டினால் அது குதித்து விளையாடும் மேடாகத்தான் ஆகும். ஐந்தாறு உருப்படி மட்டும் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதலில் கைக்குட்டை, பிறகு சிறிய துண்டு, அப்புறம்தான் உள்பாவாடையும் டவுசரும். சட்டை ஏழு வயதுக்குப் பிறகு. கைக்குட்டையின் இரண்டு மூலையும் எதிர் மூலையோடு சேர வேண்டும். சேராமல் மடித்தால் அடுத்த மடிப்பில் கோணல் இரட்டிப்பாகும். இதைச் சொல்லாமல், மடித்த கோட்டை உள்ளங்கையால் நீவிவிடக் காட்டினால் குழந்தை மூலையைத் தானாகக் கவனிக்கும். மடித்ததை யார் யாருடையது என்று பிரித்து அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விளையாட்டு முளைக்கும் இடம். "தபால்!" என்ற குரல் கேட்டால் கதவருகே நின்று வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு பங்கு எடுத்தால் போதும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. குழந்தை மடித்துக் கொடுத்த துண்டை அதன் கண் முன்னால் பிரித்து மறுபடி மடிப்பது. தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தை வாசலிலேயே கிழிப்பதற்குச் சமம் அது. கோணலாக இருந்தால் கோணலாகவே அலமாரியில் இருக்கட்டும்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் ஒரு நிச்சயமான ஆபத்து உண்டு, செடிக்கு. குழந்தைக்கு ஒரு தொட்டி செல்லமாகிவிடும். "பாப்பாவுக்குத் தாகம்" என்று அதற்கே ஐந்து தடவை ஊற்றும். அதன் வேர் அழுகும், பக்கத்துத் தொட்டி வாடும். இதற்கு எளிய வழி கூழாங்கல். எத்தனை தொட்டியோ அத்தனை கல்லை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றிய தொட்டியின் விளிம்பில் ஒரு கல். கல் இருக்கும் தொட்டி சாப்பிட்டாயிற்று. கிண்ணம் காலியானால் வேலை முடிந்தது. முடிவு எங்கே என்று குழந்தைக்குக் கண்ணால் தெரிவது எல்லா வேலைக்கும் முக்கியம், தண்ணீர் வேலைக்கு மிக முக்கியம். இல்லாவிட்டால் அது தொட்டியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து சட்டைக்கும் போய்க்கொண்டே இருக்கும். அரை லிட்டர் பிடிக்கும் சொம்பு அல்லது மூடியில் ஆறேழு துளை போட்ட தண்ணீர் பாட்டில் நல்ல கருவி. துளை பெரிதானால் மண் குழிந்து வேர் வெளியே வரும். ஊசியைச் சூடாக்கித் துளை போடும் வேலை பெரியவருடையது.

பெருக்கும் வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பூந்துடைப்பத்தின் கைப்பிடியைக் குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு வெட்டிக் கொடுத்து, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டால் குப்பையெல்லாம் அந்தக் குளத்துக்கு வந்து சேரும்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. மாவு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆறிக் காய்ந்தால் வெடிக்கும், ஆகவே மீதி மாவு ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும். குழந்தை யானை பண்ணும், ஆமை பண்ணும். யானையின் வயிறு பருத்து உள்ளே வேகாமல் நிற்கும், தும்பிக்கை வறண்டுவிடும். "உன் விரல் பருமனுக்கு மேல போகக் கூடாது" என்ற ஒரு அளவு சொல்லிவிட்டால் எல்லா மிருகமும் பத்துப் பன்னிரண்டு நிமிட ஆவியில் வெந்துவிடும். யானையை முதலில் யார் தின்பது என்பதைக் குழந்தைதான் முடிவு செய்ய வேண்டும்.

கருவியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதம் முடியாது. கடைகளில் பிளாஸ்டிக் சமையலறைத் தொகுப்பு விற்கிறார்கள். அதில் வேலை எதுவும் நடக்காது. கத்தி வெட்டாது, குழாயில் தண்ணீர் வராது. இரண்டு நாளில் குழந்தை அதை ஒதுக்கிவிட்டு அம்மாவின் கரண்டிக்கு வரும். குழந்தை கேட்பது உண்மையான கருவி, தன் கைக்கு ஏற்ற அளவில். சிற்றிலை, அதாவது சிறுமிகள் கட்டிய மணல்வீட்டை, சிதைக்க வேண்டாம் என்று ஆண்டாள் பாடும் நாச்சியார் திருமொழிப் பாசுரத்தில் சிறுமிகளின் கையில் இருப்பவை சிறு தூதையும் சிறு சுளகும் மணலும். பானையும் முறமும்தான், ஆனால் சிறியவை. அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். சொப்பு அம்மியும் திருகையும் உரலும் பெரியவற்றின் உருவத்தை அப்படியே வைத்துச் சுருக்கப்பட்டவை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியபோது தம் முறையில் சொல்லிவந்ததும் கைக்கேற்ற உண்மையான கருவியைத்தான்: சின்னக் குடுவை, சின்னத் துடைப்பம், ஊற்றுவது, துடைப்பது. அதில் அவர் சொன்னது முற்றும் சரி. சின்னஞ்சிறு வயதில் கற்பனைக்கதைக்கு அவர் அவ்வளவாக இடம் தரவில்லை. அதில் மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. சின்னக் குடுவையைக் கையில் கொடுத்த பிறகு அது மேகம் ஆவதை யார் தடுப்பது, எதற்காகத் தடுப்பது?

இனி நட்சத்திரம். 1973-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று ஆசிரியர் பயிற்சி பெற்ற பலருக்கும் தெரிந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பரிசு இல்லாமல் பேனாவை மேசையில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசைப்பட்டுச் செய்ததை நட்சத்திரம் கூலி வேலையாக்கிவிட்டது. கீரைக்கும் துணிக்கும் இதேதான். "ஒட்டவே இல்லையே, அப்ப நான் எதுக்குச் செய்யணும்?" என்று ஆறு வயதுக் குழந்தை கேட்கத் தொடங்கினால் அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். பாராட்டே கூடாது என்று சொல்லவில்லை. "நீ ஆய்ந்த கீரைதான் இன்னிக்குப் பொரியல்" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அது பரிசு அல்ல, செய்தி. குழந்தைக்கு வேண்டியது அதுதான்.

அண்ணன் தம்பிக்குள் யார் முதலில் முடிப்பது என்ற போட்டியும் வேண்டாம். வேகம் வந்தால் கற்பனை ஓடிவிடும், இலையோடு காம்பும் விழும், தோற்றவன் கிண்ணத்தைக் கவிழ்ப்பான்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி வேன் வரும் காலை 7.30 மணிக்கு இதெல்லாம் நடக்காது. அந்த அவசரத்தில் குழந்தையை வேலைக்கு இழுத்தால் திட்டில்தான் முடியும். மாலை விளக்கு வைக்கும் முன்பான ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் ஏற்றவை. நான்கு வயதுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், ஆறு வயதுக்குக் கால் மணி நேரம். அதற்கு மேல் குழந்தையே கேட்டால் மட்டும். பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் இந்த நேரம் இரண்டு மடங்காகும். எதிரில் உட்கார்ந்து கண்காணித்தால் பாதியாகும்.

எச்சரிக்கைகள் சில உண்டு, தளர்த்த முடியாதவை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் பட்டாணி, மொச்சை, புளியங்கொட்டை, பொத்தான் எதுவும் கூடாது. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும். முழு நிலக்கடலையை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடுவது நல்லது. தண்ணீர் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். நடை பழகும் குழந்தைக்கு அடியில் தேங்கிய சில அங்குலத் தண்ணீரே போதும் ஆபத்துக்கு. மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலை பார்க்கச் சுலபம்போல இருக்கும், கொடுக்காதீர்கள். கை கழுவினாலும் காரம் போகாது, அந்தக் கை கண்ணுக்குப் போகும். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் துடைக்கும் விளையாட்டு இல்லை. சின்ன வெங்காயம் ஆறு வயதுக்கு மேல், தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கத்தி இல்லாமல் விரலால் உரிக்கும்படி தலையையும் வாலையும் பெரியவர் நறுக்கிக் கொடுத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எச்சரிக்கையைவிடப் பெரியது. இந்த விளையாட்டெல்லாம் பெண் குழந்தைக்கு மட்டும் வந்து சேர்ந்தால் அது விளையாட்டு அல்ல, பயிற்சி. பையன் சொப்புச் சாமான் எடுத்தால் "என்னடா பொம்பளப் பிள்ளை மாதிரி" என்று சிரிக்கும் மாமாவும் சித்தப்பாவும் இன்னும் இருக்கிறார்கள். கூட்டாஞ்சோறு ஆக்கிய ஊர்களில் ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து மூன்று கல் அடுப்புக் கூட்டியபோது பையன்களும்தான் சுள்ளி பொறுக்கினார்கள், கிளறினார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கிண்ணம் வைக்க வேண்டும்.

கூலிக்குச் செய்யும் வேலையை இந்தப் பேச்சில் யாரும் நுழைத்துவிடக் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல் வந்த திருத்தம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகப் பீடி சுற்றுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் 'உதவி' என்ற பெயரில் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது. அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. குழந்தை நடுவில் எழுந்து போனால் யாருக்காவது நஷ்டமா? இன்றைக்கு இத்தனை எண்ணிக்கை என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? ஆம் என்றால் அங்கே குழந்தை எத்தனை ரயில் ஓட்டினாலும் அது விளையாட்டு ஆகாது.

பள்ளி நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது சிறியது. விடுமுறைப் பட்டியலில் படம் கேட்கும் வரியை எடுத்துவிடுங்கள். நட்சத்திர அட்டையை அச்சடிக்காதீர்கள். அதற்குப் பதிலாகப் பெற்றோருக்கு ஒரே ஒரு பக்கம் அனுப்பலாம்: எந்த வயதுக்கு எவ்வளவு கீரை, எந்த அளவுப் பாத்திரம், வேலை முடிந்தது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும். விளையாட்டு என்ன என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். பள்ளி திறந்ததும் அந்த இடத்தைக் குழந்தை வாயால் சொல்ல, ஆசிரியை எழுதிக்கொண்டால் வகுப்புக்கு ஒரு மாதத்துக்கான பேச்சு கிடைத்துவிடும்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு வீட்டு வேலையை இந்த முறையில் அளவோடு வெளியிட முடியுமா என்றும் கேட்கிறோம். ஜூன் முதல் வாரத்துக்குத் தேங்காய் நார் பிரிப்பது பொருத்தமாக இருக்கும். மட்டையை முந்தின நாளே தண்ணீரில் போட்டுவிடச் சொல்லி எழுத வேண்டும். காய்ந்த மட்டை குழந்தையின் விரலைக் கிழித்துவிடும்.

இப்படிக்கு,
மழலையர் பள்ளி, அங்கன்வாடி ஆசிரியைகள் சிலர்,
தஞ்சாவூர்.